புடாபெஸ்ட்டிலிருந்து வந்த நேரு வீட்டு மருமகள்

வெளிநாட்டு மருமகள் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் பெரிதாக ஆச்சரியப்பட மாட்டார்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் புதுச்சேரி மண்ணிலிருந்து சொல்தாவாகவும் போலீசாகவும் குமாஸ்தாவாகவும் இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏராளம். அங்கேயே வியட்நாமியப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டு குடும்பமானவர்களும் உண்டு. 1954ல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோற்றபோதும், 1975ல் சைகோன் வீழ்ந்தபோதும் அப்படிப்பட்ட குடும்பங்களில் சில பிரான்சுக்குப் போயின, சில புதுச்சேரிக்கே திரும்பின. அந்தப் பெண்களும் போரினால் பிறந்த ஊரை விட்டவர்கள்தான். ஆனால் கணவன் வீட்டு வாசல் வழியாக உள்ளே வந்ததால், அகதிகள் கணக்கில் அவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அதே மாதிரி கணக்கில் வராத இன்னொரு பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர் வந்தது ஹங்கேரியிலிருந்து. புகுந்த வீடு ஜவஹர்லால் நேருவின் குடும்பம். பெயர் ஷோபா நேரு, ஆனால் எல்லோருக்கும் அவர் ஃபோரி நேருதான். 108 வயது வரை இருந்தவர். ஹங்கேரி அகதிகள் என்றால் பொதுவாக 1956ஆம் ஆண்டுப் புரட்சி நசுக்கப்பட்டபோது எல்லை தாண்டிய சுமார் 2 லட்சம் பேரைத்தான் சொல்வார்கள். ஃபோரி அதற்கு ஏறக்குறைய முப்பது வருஷம் முன்னாலேயே கிளம்பிவிட்டார். குண்டு விழுந்து, வீடு எரிந்து அவர் ஓடவில்லை. கல்லூரியில் சேர இடம் இல்லாமல் போனதால் கிளம்பினார். அந்தக் கதை நம் ஊர்க்காரர்களுக்கு நிறைய யோசனைகளைத் தரக்கூடியது.

ஃபோரி 1908 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மக்டோல்னா. குடும்பப் பெயர் ஃப்ரீட்மன். அது யூதப் பெயர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும் என்பதால் ஹங்கேரியப் பெயராக ஃபோர்பாத் என்று மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அங்கே நிறைய யூதக் குடும்பங்கள் இப்படிச் செய்தன. அந்த ஃபோர்பாத்திலிருந்து வந்த செல்லப் பெயர்தான் ஃபோரி. பயத்தினாலோ பிழைப்புக்காகவோ மாற்றிய ஒரு பெயரின் பாதி, அப்புறம் நூறு வருஷம் டெல்லியிலும் வாஷிங்டனிலும் கசௌலியிலும் அவரோடு கூடவே வந்தது.

அவருக்குப் பத்து வயதாகும்போது முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைந்தது. 1919ல் பெலா குன் தலைமையில் ஒரு சோவியத் அரசு வந்து 133 நாட்களில் கவிழ்ந்தது. அதன் தலைவர்களில் பலர் யூதர்களாக இருந்தார்கள் என்று சொல்லி, அடுத்து வந்த ராணுவக் கும்பல்கள் சம்பந்தமே இல்லாத யூதர்களைத் தேடித்தேடிக் கொன்றன. அட்மிரல் ஹோர்த்தி ஆட்சிக்கு வந்தார். (கடலே இல்லாமல் போன நாட்டை ஒரு கடற்படைத் தளபதி ஆண்டது தனி வேடிக்கை.) 1920 ஜூன் 4 அன்று கையெழுத்தான ட்ரியனான் ஒப்பந்தத்தில் ஹங்கேரி தன் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. தோற்றுப்போன நாட்டுக்குப் பழிபோட ஓர் ஆள் தேவைப்பட்டது.

அதே 1920 செப்டம்பரில் ஒரு சட்டம் வந்தது. அந்த வருஷத்தின் 25ஆம் எண் சட்டம். நூமெருஸ் க்ளாவுசுஸ் என்று லத்தீனில் சொல்வார்கள், மூடப்பட்ட எண்ணிக்கை என்று அர்த்தம். ஒவ்வொரு இனமும் நாட்டின் மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் இருக்கிறதோ, பல்கலைக்கழகத்தில் அதே அளவுக்குத்தான் அதன் மாணவர்கள் இருக்கலாம் என்றது சட்டம். யூதர் என்ற சொல் சட்ட வாசகத்தில் கிடையாது. ஆனால் அது யாருக்காகப் போட்ட சட்டம் என்று எல்லோருக்கும் தெரியும். யூதர்கள் மக்கள்தொகையில் 6 சதவீதம் அளவில் இருந்தார்கள், கல்லூரிகளில் அதைப்போலப் பல மடங்கு இருந்தார்கள். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் முதல் யூத எதிர்ப்புச் சட்டம் என்று வரலாற்றாசிரியர்கள் இதைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஹிட்லர் ஆட்சிக்கு வரும் முன்னால் 12 வருஷத்துக்கு மேல் இருக்கிறது, கவனியுங்கள்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு கேள்வி எழும். அதே காலத்தில், 1921ல், சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி அரசாணையைக் கொண்டுவந்ததே, அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தெரியும், இரண்டுமே பங்கு பிரிக்கின்றன. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1920களின் கடைசியில் நடைமுறைக்கு வந்த சென்னை ஏற்பாட்டில் 12 வேலையிடங்களில் 5 பிராமணரல்லாத இந்துக்களுக்கு, 2 பிராமணருக்கு, 2 முஸ்லிம்களுக்கு, 2 கிறிஸ்தவர் மற்றும் ஆங்கிலோ இந்தியருக்கு, 1 ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு. மாகாண மக்கள்தொகையில் 3 சதவீதம் அளவில் இருந்த பிராமணருக்கு ஆறில் ஒரு பங்கு கிடைத்தது. உள்ளே வரவே முடியாமல் இருந்தவர்களுக்குக் கதவைத் திறப்பது அதன் நோக்கம். ஹங்கேரியிலோ, நிலமும் நிர்வாகமும் வேறு கைகளில் இருக்க, படிப்பு ஒன்றை நம்பி மேலே வந்த ஒரு சிறுபான்மையின் முகத்தில் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நுழைந்த சிலரையும் சக மாணவர்களே வகுப்பறை வாசலில் அடித்து விரட்டினார்கள். ஒரு சட்டத்தைப் படிக்கும்போது அதில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அது யார் கையில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

படிப்புக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் நம் மண்ணுக்கும் புதிதல்ல. நம் பாகூரிலேயே ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அதற்கு மூன்று ஊர்களைத் தானமாக விட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் சொல்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அங்கே உட்கார்ந்து படித்தவர்கள் வேதம் ஓதும் அந்தணர்கள். அந்த மூன்று ஊர்களிலும் உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடம் இருந்திருக்காது. சட்டம் எழுதாமலேயே சாத்தப்பட்ட கதவு அது.

சரி, ஃபோரியிடம் வருவோம். புடாபெஸ்ட்டில் கல்லூரிக் கதவு திறக்கவில்லை என்றதும் வசதியுள்ள யூதக் குடும்பங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின. அணுகுண்டுக் கதையில் வரும் லியோ சிலார்டும் எட்வர்ட் டெல்லரும் இதே கெடுபிடியில் ஜெர்மனிக்குப் போன ஹங்கேரி யூத இளைஞர்கள்தான். ஃபோரி முதலில் பிரான்சுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் படிக்கப் போனார். லண்டனில் பி.கே. நேரு என்ற இந்திய மாணவரைச் சந்தித்தார். பிரஜ் குமார் நேரு 1909ல் அலகாபாத்தில் பிறந்தவர். நம் முறையில் சொன்னால், ஜவஹர்லாலுடைய பெரியப்பா நந்தலாலின் மகன் பிரிஜ்லால், அவருடைய மகன் இந்த பி.கே. அதாவது ஜவஹர்லால் இவருக்குச் சித்தப்பா முறை. 1934ல் ஐ.சி.எஸ். வேலையில் சேர்ந்தார்.

இரண்டு வீட்டிலும் தயக்கம் இல்லாமல் இருந்திருக்குமா? கல்யாணத்துக்கு முன்னாலேயே ஃபோரி இந்தியாவுக்கு வந்து குடும்பத்தைப் பார்த்தார். அப்போது ஜவஹர்லால் சிறையில் இருந்தார். அவரைச் சிறையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஃபோரிக்கு அழுகை வந்துவிட்டதாம். பிறகு ஜவஹர்லால் கடிதம் எழுதினார்: இந்தக் குடும்பத்துக்குள் வரப்போகிறாய், இங்கே எவ்வளவு துக்கம் வந்தாலும் நாலு பேர் பார்க்க அழமாட்டோம் என்கிற ரீதியில். இதை ஃபோரியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். புது மருமகளுக்குப் புகுந்த வீட்டுப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான், இங்கே அது சிறையிலிருந்து தபாலில் வந்தது.

1935ல் கல்யாணம். மாமியார் ராமேஸ்வரி நேரு லேசுப்பட்டவர் இல்லை. 1909லேயே 'ஸ்திரீ தர்ப்பண்' என்ற ஹிந்திப் பெண்கள் பத்திரிகையை நடத்த ஆரம்பித்தவர், பெண்கள் உரிமைக்கும் ஹரிஜன சேவைக்கும் வாழ்க்கையைக் கொடுத்தவர். மக்டோல்னா இங்கே ஷோபா ஆனார். புடவை கட்டினார், அதன் பிறகு கடைசி வரை புடவைதான். அசோக், ஆதித்யா, அனில் என்று மூன்று பிள்ளைகள்.

இந்தக் கல்யாணம் அவருக்கு எதைத் தந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி, பிரிட்டிஷ் பிரஜையைக் கல்யாணம் செய்த பெண் பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிடுவாள். 1941 டிசம்பரில் பிரிட்டன் ஹங்கேரி மீது போர் அறிவித்தது. இந்தியாவில் இருந்த ஹங்கேரிக்காரர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். 1930லேயே சாந்திநிகேதனுக்கு வந்து இந்தியாவை வரைந்துகொண்டிருந்த எலிசபெத் சாஸ் ப்ரூன்னர், அவருடைய மகள் எலிசபெத் ப்ரூன்னர் என்ற இரண்டு ஓவியர்களும் முகாமில் அடைக்கப்பட்டார்கள். ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் அந்த டிசம்பர் 5 அன்று லாகூரில் இறந்தார். அவர் கணவர் டாக்டர் விக்டர் ஈகன் ஹங்கேரியர், மனைவியை இழந்த கையோடு அவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஷோபா நேருவோ ஐ.சி.எஸ். அதிகாரியின் மனைவியாக வீட்டில் இருந்தார். பிறந்த நாடு ஒன்றுதான், காகிதம் வேறு.

அதே 1941ல் ஹங்கேரி மூன்றாவது யூதச் சட்டத்தைப் போட்டு, யூதருக்கும் யூதரல்லாதவருக்கும் இடையே கல்யாணத்தையே தடைசெய்தது. ஃபோரியின் கல்யாணம் அவர் பிறந்த ஊரில் குற்றமாகியிருக்கும். 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் புகுந்தது. மே 15 முதல் ஜூலை 9 வரை, இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, சுமார் 4,37,000 யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்ஸுக்கு. புடாபெஸ்ட் நகரத்து யூதர்களின் முறை வருவதற்குள் ரயில்கள் நின்றன. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் ஏரோ கிராஸ் கட்சிக்காரர்கள் அவர்களை டான்யூப் நதிக்கரையில் நிறுத்திச் சுட்டுத் தண்ணீரில் தள்ளினார்கள். 1920ல் கல்லூரிக் கதவில் ஆரம்பித்தது இந்த ஆற்றங்கரையில் வந்து நின்றது. அன்றைக்கு அந்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் எல்லோரும் இதைத்தான் விரும்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மக்களைப் பெயர் பெயராகப் பிரித்து எண்ணும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

1947. டெல்லிக்கு மேற்குப் பஞ்சாபிலிருந்து ஏறக்குறைய 5 லட்சம் அகதிகள் வந்து குவிந்தார்கள். ஃபோரி அகதிகள் பணியில் இறங்கினார். பாகிஸ்தானுக்குப் போகவேண்டிய முஸ்லிம்களை ரயிலேற்றி அனுப்பும் வேலையும் அதில் இருந்தது. அப்படி ஏற்றி அனுப்பிய ஒரு ரயிலில் இருந்த எல்லோரும் வழியிலேயே கொல்லப்பட்டார்கள் என்று சில மணி நேரத்தில் செய்தி வந்ததை அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ரயில் என்ற சொல்லுக்கு அவர் மனதில் என்ன அர்த்தம் இருந்திருக்கும்! ஹங்கேரி ரயில்கள் போய் மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது.

முகாம்களில் இருந்த பெண்களில் பலருக்கு வெளியே போய் வேலை பார்த்துப் பழக்கமில்லை. ஆனால் கையில் தொழில் இருந்தது. பூத்தையல், பின்னல் என்று பெட்டிக்குள் கிடந்த சீர்வரிசைக் கலை. ஃபோரியும் கிட்டி சிவராவ், பிரேம் பெரி ஆகியோரும் சேர்ந்து அந்தக் கைவேலைகளை விற்க டெல்லியில் 'ரெஃப்யூஜி ஹேண்டிகிராஃப்ட்ஸ்' என்ற கடையைத் தொடங்கினார்கள். (கிட்டி சிவராவும் வெளிநாட்டு மருமகள்தான், ஆஸ்திரியாக்காரர். பத்திரிகையாளரும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினருமான பி. சிவராவின் மனைவி.) சோறு போடுவதோடு நிற்காமல், செய்த வேலைக்குக் கூலி என்று கொடுத்ததுதான் இதில் விசேஷம். அகதி என்ற சொல்லைப் பிரித்தால் கதி இல்லாதவர் என்று பொருள். கூலி வாங்கும் கைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. இந்த முயற்சி வளர்ந்து மத்தியக் குடிசைத் தொழில்கள் எம்போரியம் ஆனது. 1952ல் கமலாதேவி சட்டோபாத்யாயாவின் இந்தியக் கூட்டுறவு யூனியன் அதை எடுத்து நடத்தியது. நாடெங்கும் நெசவாளிக்கும் கைவினைஞருக்கும் அது பெரிய சந்தையாக இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அதன் தொடக்கத்தில் அகதிப் பெண்களின் தையல் ஊசி இருந்தது பலருக்குத் தெரியாது.

பிறகு கணவரின் உத்தியோகத்தோடு வாழ்க்கை நகர்ந்தது. பி.கே. நேரு 1961 முதல் 1968 வரை அமெரிக்காவில் இந்தியத் தூதர், அப்புறம் அசாம் ஆளுநர், 1973 முதல் 1977 வரை லண்டனில் ஹைகமிஷனர், பின்னர் காஷ்மீர், குஜராத் ஆளுநர். ஆளுநர் மாளிகைகளும் விருந்துகளும் நிறைந்த இந்தப் பகுதியில் எனக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை, ஒரே ஒரு நிகழ்ச்சியைத் தவிர. நெருக்கடி நிலைக் காலத்தில் பி.கே. நேரு லண்டனில் உட்கார்ந்து இந்திரா அரசுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். ஃபோரியோ கட்டாயக் குடும்பக்கட்டுப்பாட்டுக் கொடுமைகளைக் கேள்விப்பட்டு, அதை இந்திராவிடம் நேரிலேயே சொன்னார். இந்திராவுக்கு பி.கே. அண்ணன் முறை, ஆகவே ஃபோரி அண்ணி. அமைச்சர்கள் வாய் திறக்கப் பயந்த நேரத்தில் ஒரு அண்ணி சொன்னார். அரசாங்கம் தன் குடிமக்களின் உடம்பை எண்ணிக்கையாகப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று புடாபெஸ்ட் பெண்ணுக்குப் புரியாமலா இருக்கும்?

இவரை உதாரணம் காட்டி "பாருங்கள், இந்தியா வந்தவர்களை எல்லாம் வாழவைக்கும் நாடு" என்று யாராவது பேசினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஃபோரிக்குப் படிக்க வெளிநாடு அனுப்பும் பெற்றோர் இருந்தார்கள், புகுந்த இடம் நாட்டை ஆளப்போகிற குடும்பம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு இப்படி முகாம்களுக்கு வந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகளே பிறந்துவிட்டார்கள், பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டமும் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னதோடு நின்றுவிட்டது. நம் மொழி பேசி, நம் சாமியைக் கும்பிட்டு, நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தும் அவர்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 1958ல் மார்ட்டின் கில்பர்ட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்து டெல்லியில் நோயில் விழுந்தார். நேரு வீட்டுப் பிள்ளையின் நண்பர் என்ற முறையில் ஃபோரி அவரைக் கவனித்துத் தேற்றினார். அந்த மாணவர் பின்னாளில் சர்ச்சிலின் வாழ்க்கை வரலாற்றாசிரியராகவும் யூத இன அழிப்பைப் பற்றிய பெரிய ஆய்வாளராகவும் ஆனார். நாற்பது வருஷப் பழக்கம். அத்தனை வருஷமும் ஃபோரி ஆன்ட்டி ஓர் இந்தியப் பெண்மணி என்றே நினைத்திருந்தார். தொண்ணூறு வயதை ஒட்டி ஒருநாள்தான் ஃபோரி அவரிடம், தான் பிறப்பால் யூதர், தன் மக்களின் வரலாறே தனக்குத் தெரியாது, படிக்க ஏதாவது புத்தகம் சொல் என்று கேட்டார். கில்பர்ட் புத்தகம் எதையும் சொல்லவில்லை, தானே கடிதங்களாக எழுத ஆரம்பித்தார். ஆதாம் ஏவாள் தொடங்கி ஐயாயிரம் வருஷக் கதை. அது 2002ல் ஃபோரி ஆன்ட்டிக்குக் கடிதங்கள் என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக வந்தது. (சிறையிலிருந்து மகளுக்குக் கடிதம் எழுதியே உலக வரலாற்றைச் சொன்னவரின் குடும்பம் அல்லவா, வரலாறு இந்த வீட்டுக்குத் தபாலில்தான் வரும் போலிருக்கிறது!)

பி.கே. நேரு 2001 அக்டோபர் 31 அன்று கசௌலியில் இறந்தார். கில்பர்ட் 2015ல் போய்விட்டார். ஃபோரி அந்த மலை ஊரிலேயே இருந்து, 2017 ஏப்ரல் 25 அன்று காலமானார். அவருக்குக் கல்லூரி இடம் மறுத்த சட்டத்துக்கு அப்போது வயது 96.